பல்லி சொன்ன இடம்

எனக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் ஜோக் சொன்னால், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுச் சாம்பாருக்குத் திரும்பிவிடுவேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை, காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட், எப்போதாவது யாராவது ஆசைப்பட்டுப் போடும் புத்தகம் என்று வேலை ஓடுகிறது. தப்பில்லாமல் அடித்துத் தருவேன், முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு. "அந்த சிடுமூஞ்சி அக்கா கடை எங்க இருக்குது?" என்றுதான் தெருமுனையில் வழி கேட்பார்களாம்.

அவன் என்னைத் தேடி வந்ததற்கும் அதுதான் காரணம்.

ஒரு பகல் வேளை. ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பை மறுபடியும் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. "இன்னாப்பா வேணும்?" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கேட்டேன். அப்போதும் இல்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கலாமென்று கோபத்தோடு நிமிர்ந்தால், தெரிந்த முகம். ஓரிக்கையில் வீடு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, சனி ஞாயிறுகளில் மைக்கைப் பிடித்துத் தனியாளாக நின்று ஊரைச் சிரிக்க வைப்பவன். என் தங்கை மகள் ரிசப்ஷனில் அவன் பேச்சைக் கேட்டிருக்கிறேன். மண்டபமே குலுங்கியது. நானும் லேசாகச் சிரித்துவிட்டேன். நல்லவேளை யாரும் பார்க்கவில்லை.

கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தான், எச்சில் வழியாமல் குழந்தைகளுக்குக் கட்டுவோமே, அந்த மாதிரி. வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. துணிக்குப் பின்னாலிருந்து மூச்சு மட்டும் புஸ்ஸென்று வந்தது. மனுஷனுக்கு மூச்சு வருகிற இடம் அதுவல்ல. உள்ளதைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன்.

போனில் தட்டி, திருப்பிக் காட்டினான்.

"தொண்டைல கட்டி. குரல்வளையவே எடுத்துட்டாங்க அக்கா. என் ஜோக்கையெல்லாம் புக்கா போடணும்."

"ஏம்பா, ரெக்கார்டிங் இருக்குமே. அதப் போட்டா ஊரே கேட்கும். புக்கு எதுக்கு?"

மறுபடி தட்டினான். "ஊருக்கு இல்ல. என் பொண்டாட்டிக்கு. ஆபரேஷன் முடிஞ்சதுல இருந்து அவ சிரிக்கவே இல்ல. என் பழைய குரல் கேட்டா எழுந்து வெளிய போயிடறா. பேப்பர்ல இருந்தா குரல் இருக்காது. படிப்பா."

"அதுக்கு என்னை ஏன்பா புடிச்ச? எத்தனையோ கடை இருக்குது."

"நீங்க சிரிக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க. நீங்க சிரிச்சா அது பேப்பர்லயும் நிக்கிற ஜோக்குன்னு அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவன் நீட்டிய, ரெக்கார்டிங்குகள் இருந்த பென்டிரைவை வாங்கிக்கொண்டேன்.

அவன் ஆட்டத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் காஞ்சிபுரத்தில் பல்லிக்கு மரியாதை அதிகம். பெருமாள் கோயில் கூரையில் இருக்கிற தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வர எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். வீட்டில் ஒருவர் பேசி முடிக்கும்போது சுவரிலிருந்து பல்லி சொன்னால், அந்தப் பேச்சு உண்மை, நடக்கும் என்று அர்த்தம். கேட்டவர்கள் உடனே விரல் முட்டியால் தரையிலோ மேசையிலோ தட்டுவார்கள். பல்லி சொல்வது பாதிதான், தட்டினால்தான் பலிக்கும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதனால் நல்ல பேச்சுக்குத் தட்டுவார்கள், கெட்ட பேச்சு என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பல்லி சொன்னால் என் விரல் என்னைக் கேட்காமலே தட்டிவிடும்.

இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் அவன் பிழைத்தான். மேடையில் நின்று ஒரு பச்சைப் பொய்யைச் சொல்லுவான். "நான் ஸ்கூல்ல ரொம்ப நல்ல பையன்." நிறுத்துவான். கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பான். அப்புறம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, அச்சு அசலாகப் பல்லி மாதிரி ஒரு சத்தம். கூட்டத்தில் பாதிப் பேர் தங்களை அறியாமல் நாற்காலிக் கையில் தட்டிவிடுவார்கள். தட்டிய பிறகுதான் ஏமாந்தது புரியும். அப்போது எழும் சிரிப்பு இருக்கிறதே, அதற்குத்தான் அவனைக் கூப்பிடுவார்கள்.

இதை எப்படி அடிப்பது?

"நான் ஸ்கூல்ல ரொம்ப நல்ல பையன்" என்று அடித்துப் பார்த்தேன். நடத்தைச் சான்றிதழ் மாதிரி இருந்தது. "எங்க மாமியாரு தங்கமானவங்க" என்ற வரியைக் கேட்டு ஒரு மண்டபமே உருண்டு புரண்டிருக்கிறது. அதைத் தாளில் பார்த்தால் நான் தினமும் அடிக்கிற காரியப் பத்திரிகை. சத்தத்துக்கு என்ன போடுவது? "ச்சு ச்சு" என்று போட்டால் நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. "இச் இச்" என்றால் முத்தம். கடைசியில் அடைப்புக்குறிக்குள் "நாக்கால் பல்லிச் சத்தம்" என்று போட்டேன். அதைவிடச் சிரிப்பைக் கொல்லும் வரி தமிழில் இருக்காது.

மேடையில் அவன் நிறுத்துகிற நேரம் அவன் கையில் இருந்தது. தாளில் அது படிக்கிறவர் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணோ பத்தியின் முதல் வரியில் இருக்கும்போதே கடைசி வரியை மேய்ந்துவிடுகிறது. புள்ளிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன், விக்கல் எடுத்தவன் பேச்சு மாதிரி ஆனது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. பொய்யைப் பக்கத்தின் கடைசி வரியில் நிறுத்தினேன். பல்லியைப் பக்கம் திருப்பியதும் முதல் வரியில் வைத்தேன். தாளைத் திருப்ப ஆகிற நேரம்தான் அவன் கூட்டத்தைப் பார்க்கிற நேரம். இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன், இதற்காக ஒரு பக்கத்தை இப்படி இழுத்தும் சுருக்கியும் அடித்ததில்லை. எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

அவன் கம்பெனிக்கு லீவில் இருந்ததால் தினமும் மத்தியானம் வந்துவிடுவான். எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் புரூஃப் படிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பேசாத ஒருவன் உங்கள் வாயோரம் எப்போது அசையும் என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? எனக்குச் சோறு இறங்காமல் போனது. "அந்தப் பக்கம் திரும்பி உட்காருப்பா" என்று அதட்டுவேன். திரும்பி உட்காருவான். கண்ணாடிக் கதவில் என் முகத்தைப் பார்ப்பான்.

ஒருநாள் அவனே சலித்துப்போய் ஒரு வேலை செய்தான். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வழி சொல்லும் பெண் குரல் ஒன்று போனில் இருக்குமே, அதை வைத்து என் புரூஃபைப் படிக்க வைத்தான். "எங்க மாமியாரு தங்கமானவங்க" என்றது அது. இடதுபுறம் திரும்பவும் என்பதற்கும் அதற்கும் குரலில் வித்தியாசமில்லை. "அடைப்புக்குறி. நாக்கால் பல்லிச் சத்தம். அடைப்புக்குறி." அவன் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிறான் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கழுத்துத் துணி உப்பியும் ஒட்டியும் துடித்தது. நான் எழுந்துபோய் ஃபேனை வேகமாக வைத்தேன்.

ரெக்கார்டிங்குகளைக் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில், ஈரமாக, காதுக்குள்ளேயே நாக்கு படுகிற மாதிரி வரும். அது முடிந்ததும் தவறாமல் ஒரு வரி சொல்லுவான்: "பாத்தீங்களா, காஞ்சிபுரம் பல்லிங்க, பொய் சொல்லாது." எல்லா ஆட்டத்திலும் இதே வரிசைதான்.

கடைசியாக இருந்த ரெக்கார்டிங்கில் மட்டும் வரிசை மாறியது.

உள்ளூர் மண்டபத்தில் நடந்த ஆட்டம் அது. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. "வீட்ல நான் வாயை மூடறதே இல்லீங்க," என்கிறான். "என் பொண்டாட்டி கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றா. உன் தொண்டை அடைச்சாத்தான்யா இந்த வீட்டுக்கு நிம்மதி!" கூட்டம் சிரிக்கிறது. அவன் நிறுத்துகிறான். சத்தம் வருகிறது. நாற்காலிகளில் படபடவென்று தட்டுகிறார்கள். சிரிப்பு கூரையைத் தொடுகிறது. ஆனால் அவன் அந்த வரியைச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. சிரிப்பு முழுசாக அடங்கி, யாரோ இருமி, நாற்காலி நகரும் வரைக்கும் பேசாமல் நிற்கிறான். அப்புறம், "சரி, வேற பேசுவோம்" என்கிறான். குரல் வறண்டிருக்கிறது.

பின்னால் ஓட்டிக் கேட்டேன். மறுபடி ஓட்டிக் கேட்டேன். அந்தச் சத்தம் ஈரமாக இல்லை. மைக்குக்குப் பக்கத்திலும் இல்லை. தூரத்தில், உயரத்தில் இருந்தது.

அடுத்த நாள் ஹெட்போனை அவன் தலையில் மாட்டி அந்த இடத்தைப் போட்டேன். முழுசாகக் கேட்கக்கூட இல்லை, கழற்றிவிட்டான்.

"இது யாருப்பா?" என்றேன்.

போனை எடுத்தான். ரொம்ப நேரம் தட்டினான், அழித்தான், தட்டினான்.

"நான் பண்ணல அக்கா. பண்ணலாம்னு நாக்கை மடக்கினேன். அதுக்குள்ள மேல இருந்து வந்துடுச்சு. அப்போ தொண்டைல ஒரு கரகரப்பு மட்டும்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் டாக்டர்கிட்ட போனேன்."

கீழே இன்னும் இருந்தது. "அன்னிக்குத்தான் அவ முதல் முதல்ல என் ஷோவுக்கு வந்தா. இப்போ வெள்ளிக்கிழமையானா கோயிலுக்குப் போயி பல்லியத் தொட்டுக்கினு வரா. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா. எனக்குத் தெரியும். தான் சொன்னது பலிச்சுடுச்சுன்னு நினைக்கறா."

அவன் தட்டிக்கொண்டே இருந்தான்.

"அந்த ஜோக்கையும் புக்குல போடுங்க. அங்கயும் அடைப்புக்குறி போட்டு, நாக்கால் பல்லிச் சத்தம்னு போடுங்க. பேப்பர்ல எல்லாச் சத்தமும் ஒண்ணுதானே. அது நான்தான்னு அவ நம்பிட்டா போதும்."

அன்று சாயங்காலம் வரை யோசித்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் அடித்திருக்கிறேன். மாப்பிள்ளை வேலை பார்க்காத கம்பெனியில் அவரை மேனேஜராக்கியிருக்கிறேன். ஆனால் இது வேறு. மேடையில் இருந்த அத்தனையையும் பறித்துக்கொண்ட தாள், இந்த ஒரே இடத்தில் மட்டும் அவனுக்கு ஒரு உபகாரம் செய்யக் காத்திருந்தது. பக்கமா, தூரமா, ஈரமா, வறட்சியா என்று தாளுக்குத் தெரியாது. அவன் நாக்கும் அந்த உத்தரத்துப் பல்லியும் அங்கே ஒரே எழுத்துதான். அப்படியே அடித்தேன்.

மறுநாள் கரண்ட் போனது. யு.பி.எஸ். கொஞ்சம் கத்திவிட்டு அதுவும் அணைந்தது. திரை கறுத்துப்போய், அதில் என் முகம் மட்டும் தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம், அதுவும் நின்றது. "இந்தப் புத்தகம் வேலைக்காகாது" என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன், சத்தமாகவே.

ஹெட்போனுக்குள் பல்லி சொன்னது.

மெஷின் அணைந்து கிடக்கிறது. ஒயரைத் தொட்டுப் பார்த்தேன். என் விரல் ஏற்கெனவே மேசையைத் தட்டிவிட்டிருந்தது. சுவரெல்லாம் தேடினேன், காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் கண்ணில் படவில்லை. ஃபால்ஸ் சீலிங்கில் எங்கேயாவது இருந்திருக்கும், ஹெட்போன் அடைத்த காதுக்கு அப்படிக் கேட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டாலும் அன்றிலிருந்து பட்டப்பகலில் கடையில் தனியாக இருக்கக் கூச்சமாகிவிட்டது. இந்த வயதில் இது என்ன அசிங்கம் என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

அவன் வந்ததும் எரிச்சலை அவன்மேல் கொட்டினேன். "தம்பி, பச்சையா சொல்றேன். இது நிக்கல. நீ மேடையில சொன்னதெல்லாம் மேடைக்குப் பொறந்தது. நான் எவ்வளவுதான் பக்கத்தை இழுத்தாலும், பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரிதான் இருக்குது. உனக்கு இப்போ குரல் இல்ல. குரல் இல்லாத ஆளுக்கு என்ன ஜோக்கு வருதோ, அத எழுது."

சொன்ன பிறகுதான் எவ்வளவு கொடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "பயிற்சி எடுத்துப் பழகினா ஏப்பம் மாதிரி ஒரு குரல் வரும்னு சொன்னாங்க அக்கா. ஏப்பத்துல ஜோக் சொன்னா பந்தியிலதான் கூப்பிடுவாங்க" என்று தட்டிக் காட்டினான். அப்புறம் ஸ்டூலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் போனோடு உட்கார்ந்திருந்தான். போகும்போது எனக்கு அனுப்பிவிட்டுப் போனான். இதுதான் அது:

"காஞ்சிபுரத்துக்காரனுக்கு ஒரு தலையெழுத்து. எந்த ஊர்னு கேட்டு பதில் சொன்னா, அடுத்த கேள்வி 'பட்டுப்புடவை சீப்பா கிடைக்குமா?' நெய்வேலிக்காரன்கிட்ட யாராவது கரண்டு சீப்பா கிடைக்குமான்னு கேட்கறாங்களா? ஆபரேஷன் அன்னிக்கு என்னைப் படுக்க வெச்சாங்க. மயக்க ஊசி போடற டாக்டரம்மா பேச்சுக் குடுத்தாங்க. எந்த ஊருங்க? காஞ்சிபுரம். அப்படியா, பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன், நல்ல கடையா ஒண்ணு சொல்லுங்களேன். சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், மயக்கம் வந்துடுச்சு. முழிச்சுப் பார்த்தா குரலே இல்ல. அந்தம்மா இன்னும் கடைப் பேருக்காகக் காத்துக்கினு இருக்காங்க."

படித்தேன். நாசூக்காகப் புன்னகைத்தேன் என்று எழுத ஆசைதான். கெக்கெக்கே என்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்து, பத்திரிகை வாங்க வந்த ஒரு பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இதில் பல்லி இல்லை, நிறுத்தம் இல்லை, பக்கம் திருப்பும் வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு குரலும் கேட்காத இடத்திலிருந்து வந்த ஜோக், ஒரு குரலும் கேட்காத இடத்தில் நன்றாகவே இருந்தது. மறுநாள் அவனிடம், "சிரிச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னேன். சண்டைக்குப் போகிறவள் மாதிரித்தான் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. "அப்படியெல்லாம் அந்தம்மா கேட்கல அக்கா, நானா கட்டினது" என்று தட்டிக் காட்டினான். கட்டினால் என்ன, அதைப் புத்தகத்தின் கடைசியில் வைத்தேன்.

புரூஃப் முடிந்ததும் மனைவியைக் கடைக்கே கூட்டிவந்தான். வீட்டில் கொடுத்தால் ஓரமாக வைத்துவிடுவாள் என்று பயம். பட்டுப்புடவை ஷோரூம் ஒன்றில் விற்பனைக்கு நிற்கிறவள். புடவையைப் பிரித்துப் பிரித்துப் பழகிய கை, தாளையும் நலுங்காமல் திருப்பியது. அவளை என் மேசைக்கு எதிரில் உட்கார வைத்துவிட்டு, டீ வாங்கப் போவதாகச் சைகை காட்டி அவன் வெளியே போனான். கூட்டத்தை நேரில் பார்க்கத் தைரியமில்லாத மேடைக்காரன்.

அவள் படித்தாள். பக்கம் பக்கமாகப் படித்தாள். நான் பாடுபட்டு அமைத்த ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் முகத்தைப் பார்த்தேன். அவன் இத்தனை நாள் என்னைப் பார்த்ததுபோலவே பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அந்த இடம் வந்தது. பக்கத்தைத் திருப்பினாள். அடைப்புக்குறியின்மேல் விரலை வைத்தாள்.

"இத யாருக்கா போடச் சொன்னது?"

நான் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள். "இது அவரு பண்ணலக்கா. நான் முன்வரிசைல உட்காந்துக்கினு இருந்தேன். அவரு வாயையேதான் பாத்துக்கினு இருந்தேன். மூடிக்கினு இருந்துச்சு." விரல் அங்கேயே இருந்தது. "எல்லாரும் தட்டினாங்க. நானும் தட்டினேன்க்கா. என்னையே கிண்டல் பண்றாருன்னு சிரிச்சுக்கினே, நல்லாத் தட்டினேன்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் அடித்த பொய் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. "கடைசிப் பக்கத்தையும் படிச்சுடும்மா" என்றேன்.

படித்தாள். பாதியில் நின்று, மறுபடி மேலிருந்து படித்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். அவள் சிரித்துவிட்டாள். முதலில் மூக்கு வழியாக, அப்புறம் வாய்விட்டு, அப்புறம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு.

"அய்யோ அக்கா, இவருக்கு எப்படித் தெரியும்? அந்த டாக்டரம்மா நெஜமாவே கேட்டாங்க! ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வந்து, உயிருக்கு ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லிட்டு, நீங்க காஞ்சிபுரம்தானே, நல்ல கடை எதுன்னு கேட்டாங்க. எங்க கடையத்தான் சொன்னேன். வந்து எடுத்துக்கினும் போனாங்க. நான் இவருகிட்ட சொல்லவே இல்ல!"

நானும் சேர்ந்துகொண்டேன். அவன் கட்டிய பொய், எந்தப் பல்லியும் சொல்லாமலே உண்மையாகியிருந்தது என்ற நினைப்பு லேசாக உறுத்தியது. ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். ஒரு கையில் டீ கவர், ஒரு கையில் பேப்பர் கப், பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லில் கவ்வியிருந்தான். அவள் சிரிப்பதைப் பார்த்து அப்படியே நின்றான். அவள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கதவுச் சத்தத்தில் அவன் வந்தது மட்டும் தெரிந்திருக்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எந்தப் பெண்டாட்டியும் சொல்கிற பேச்சுதான். "இந்த ஆளு இல்லாம என்னால முடியாதுக்கா. இவருக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்துடணும்."

பல்லி சொன்னது.

"யோவ், நீதானே?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள். அவன் பாக்கெட்டை வாயிலிருந்து நழுவவிட்டிருந்தான். இல்லையென்று வேகவேகமாகத் தலையாட்டினான். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது மேடையில் நின்ற பழைய ஆளை. எத்தனையோ நாளைக்கப்புறம் ஏமாறுவதற்குத் தயாராக, சந்தோஷமாக, விரலை மடக்கி என் மேசையைத் தட்டக் கையை ஓங்கினாள்.

எனக்கு நம்பிக்கை கிடையாது என்று முதலிலேயே சொன்னேன். அந்தக் கை மேசையில் படுமுன் எட்டிப் பிடித்துவிட்டேன். புரூஃப் கட்டு முழுவதையும் அந்தக் கையில் திணித்து, என் இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். "புடிம்மா, புடி, காத்துல பறக்குது பாரு" என்றேன். ஒரு தாளும் பறக்கவில்லை.

"இன்னாக்கா இவ்ளோ அவசரம்?" என்று அவள் சிரித்துக்கொண்டேயிருந்தாள். அவள் தலைக்கு மேலாக அவன் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நாக்கால் பல்லிச் சத்தம் செய்தான்; அதற்குக் குரல்வளை வேண்டியதில்லை. நிறுத்தாமல் செய்துகொண்டே இருந்தான், எது முதலில் வந்த சத்தம் என்று இனி யாருக்கும் தெரியாதபடி. நான் அவள் கையை விடவே இல்லை.